தலை படாத இடத்தில்தான் வேலைப்பாடு: ஆப்பிரிக்க மரத் தலைதாங்கிகள்

மரக்கட்டையில் தலை வைத்தால் கழுத்து வலிக்காதா? ஆப்பிரிக்கத் தலைதாங்கி ஒன்றின் படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி இதுதான், அதனால் இதை முதலிலேயே முடித்துவிடலாம். பெரும்பாலும் இதில் ஒருக்களித்துத்தான் படுப்பார்கள். வளைந்த மேல்பகுதி காதுக்குக் கீழே, தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் வந்து உட்காரும். தரையில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்தால் தோளின் அகலத்துக்குத் தலை அந்தரத்தில் நிற்குமே, அந்த இடைவெளியை நிரப்பும் அளவுதான் கட்டையின் உயரம், பெரும்பாலும் 12 முதல் 18 சென்டிமீட்டர். பழகியவர்களுக்கு அது வசதியாகவே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எகிப்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரை, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இத்தனை மக்கள் இதை வைத்துத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

சரி, மெத்தென்று ஒரு துணி மூட்டையை வைத்துக்கொள்ளாமல் ஏன் மரம்? காரணம் தலைமுடி. காங்கோவின் லூபா மக்களில் ஷங்காடி பகுதிப் பெண்கள் ஒரு காலத்தில் வைத்துக்கொண்ட அடுக்கடுக்கான கொண்டையை முடிக்கப் பல மணி நேரம் ஆகும், முடித்தால் வாரக்கணக்கில் கலையாமல் காக்க வேண்டும். எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் ஹமர், காரோ ஆண்கள் பின்மண்டையில் களிமண்ணைக் குழைத்துப் பூசி, வண்ணம் தீட்டி, அதில் நெருப்புக்கோழி இறகைச் செருகிக்கொள்வார்கள். எதிரியையோ ஆபத்தான விலங்கையோ கொன்றவன் என்பதற்கான அடையாளம் அது. அதை வைத்துக்கொண்டு துணித் தலையணையில் புரண்டால் காலையில் தலையில் ஒன்றும் மிஞ்சாது. மரக்கட்டை கழுத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது, முடி எதன்மீதும் படுவதில்லை. வெயில் நாட்டில் காதோரம் காற்று வேறு போகும்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது வேலைப்பாடு எங்கே இருக்கிறது என்பதை. தலை படும் மேல்பலகை அநேகமாக எப்போதும் வழவழவென்று வெறுமையாகத்தான் இருக்கும். அங்கே கோலம் செதுக்கினால் கன்னத்தில் அச்சு விழும், நாளடைவில் கோலமும் தேய்ந்துபோகும். சிற்பி தன் கைவேலையை எல்லாம் அதற்குக் கீழே, தாங்கும் நடுப்பகுதியில் கொண்டுபோய் வைத்திருப்பான். அதாவது, தலைதாங்கியைப் பயன்படுத்துகிறவர் பயன்படுத்தும் நேரத்தில் அந்த அலங்காரத்தைப் பார்ப்பதே இல்லை. பகலில் அது சும்மா நிற்கும்போது வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கிறார்கள், கையில் தூக்கிக்கொண்டு போகும்போது ஊர் பார்க்கிறது. ஆகவே 'அழகுக்குச் செதுக்கியிருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. இவர் யார், எந்த நிலையில் இருக்கிறார், தூக்கத்தில் இவரைத் தாங்குவது யார் என்பதையெல்லாம் அந்த நடுப்பகுதி சொல்கிறது. அதைச் சொல்லச் சிற்பிகள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட பொருள் உடல். பெரும்பாலும் பெண்ணுடல், சில இடங்களில் மாட்டின் உடல்.

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய தலைதாங்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயம் அதில்தான் ரொம்ப நுட்பமாக ஒளிந்திருக்கிறது. அவர்கள் இதை முட்ஸாகோ என்பார்கள். ஒரே மரத்துண்டை வாச்சியால் செத்தி, கத்தியால் நுணுக்கி எடுத்தது, ஒட்டு இல்லை, ஆணி இல்லை. அடித்தளத்தை மேலிருந்து பார்த்தால் இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இருக்கும். வட்டங்கள் சேரும் இடுக்கில், முன்னாலும் பின்னாலும், சின்னதாக ஒரு முக்கோணம் புடைத்து நிற்கும். அதிலிருந்து நடுப்பகுதி பட்டையாக எழும்பும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு விரல் அல்லது இரண்டு விரல் கனம்தான் தெரியும், முன்னால் பார்த்தால் அகலம். அந்த அகலத்தில் ஒரு ஜோடி வட்டங்கள், ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் வட்டமாகப் பள்ளக் கோடுகள். வட்டங்களுக்கு இடையே மேலும் கீழும் முக்கோணங்கள், சிலவற்றில் மரத்தை முழுதாகக் குடைந்து வெளிச்சம் புகும்படி விட்டிருப்பார்கள். அதற்கும் மேலே குறுக்குச் சட்டம் போல ஒரு பட்டை, அதில் நெருக்கமாக இழுத்த கோடுகள். எல்லாவற்றுக்கும் மேல் வளைந்த பலகை, அதன் இரு முனைகளிலும் கத்தி முனையால் கிள்ளிக் கிள்ளி எடுத்த குட்டி முக்கோண வரிசை.

வெறும் வடிவியல் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். 1980களில் ஜிம்பாப்வேயில் களஆய்வு செய்த கலை வரலாற்றாளர் வில்லியம் டூயி, ஷோனா பெரியவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதை வைத்து இதை வேறு விதமாக வாசித்தார். அந்தக் கோடுகளுக்கும் முக்கோணங்களுக்கும் அங்கே நியோரா என்று பெயர். பெண்கள் வயிற்றிலும் மார்பிலும் முகத்திலும் கீறி உண்டாக்கிக்கொண்ட தழும்புக் கோலங்களுக்கும் அதே பெயர்தான். அந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால் வட்டங்கள் மார்புகள், அடித்தளத்து முக்கோணம் பெண்குறி, இரண்டு வட்டப் பாதங்களும் மடக்கிய கால்கள். முழுப் பெண்ணுருவம் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது. தலை மட்டும் இல்லை. ஆள் படுத்ததும் அவர் தலையே அந்த உருவத்தின் தலையாகிவிடுகிறது.

இதைப் படித்த பிறகு முட்ஸாகோவைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை. அதிலும் இந்த உருவம் பெண்ணாக இருப்பதற்கு ஷோனா குடும்ப அமைப்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. வம்சம் தந்தை வழியில் போகிறது, ஆனால் அந்த வம்சத்துக்குப் பிள்ளை பெற்றுத் தருகிறவள் வெளியிலிருந்து வந்த மனைவி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைதாங்கி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வயது வந்த ஆண்கள். ஆண் தூங்கும்போது முன்னோர்களைப் பார்க்கப் போயிருக்கிறான் என்பது அங்கே ஒரு பேச்சு. அறிவும் செழிப்பும் முன்னோரிடமிருந்து வருகின்றன, அங்கே போய்வரும் வழி கனவு. அந்தப் பயணத்தின்போது அவன் தலை கிடப்பது வம்சத்தை வளர்க்கும் பெண்ணின் உடல்மேல். ஆள் இறந்தால் தலைதாங்கியை அவரோடு புதைப்பார்கள், அல்லது வாரிசுக்குப் போகும்.

வட்டங்களுக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு. இந்தியப் பெருங்கடல் கரையிலிருந்து வணிகத்தில் உள்நாட்டுக்கு வந்த கூம்புச் சங்கின் அடிப்பாகத்தை வட்டமாக அறுத்துத் தலைவர்களும் ஆவி இறங்கிக் குறி சொல்பவர்களும் அணிவார்கள், ண்டோரோ என்று பெயர். அதில் இயற்கையாகவே சுழி இருக்கும். அதற்கிருந்த மதிப்பைப் பார்த்துப் பின்னாளில் போர்த்துகீசியர்கள் பீங்கானில் போலி செய்து கொண்டுவந்து விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைதாங்கியில் உள்ள வட்டம் அந்தச் சங்கு வட்டம்தான் என்பது ஒரு கட்சி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அடித்தளத்து முக்கோணத்துக்குச் சங்கு வாசிப்பில் விளக்கம் கிடையாது, அதனால் நான் உடல் பக்கம்தான் சாய்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் வட எல்லையில் உள்ள மாபுங்குப்வே 13ஆம் நூற்றாண்டு அரசின் தலைநகரம். 1930களில் அதன் மலையுச்சிக் கல்லறைகளில் புகழ்பெற்ற தங்கக் காண்டாமிருகத்தோடு ஏராளமான தங்கத் தகடுகளும் குட்டித் தங்க ஆணிகளும் கிடைத்தன. மரப்பொருள்களைப் போர்த்தியிருந்த தகடுகள் அவை, மரம் மக்கிவிட்டது. அவற்றில் சில ஒரு தலைதாங்கியை மூடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஈரமும் கரையானும் உள்ள மண்ணில் மரம் நிலைப்பதில்லை, ஆகவே இந்தக் கலைக்கு எத்தனை வயது என்று சொல்வது எப்போதுமே சிரமம். மாலி நாட்டில் பாண்டியகாரா செங்குத்துப் பாறைகளின் குகைகள் விதிவிலக்கு. தெல்லெம் மக்கள் இறந்தவர்களை வைத்த அந்த உலர்ந்த குகைகளில் 11ஆம் நூற்றாண்டையொட்டிய மரத் தலைதாங்கிகள்கூடக் கெடாமல் கிடைத்திருக்கின்றன.

ஷோனா தலைதாங்கிக்கு ஒரு அரசியல் கதையும் இருக்கிறது. 1891இல் தியடோர் பென்ட் என்ற ஆங்கிலேயர் பெரும் ஜிம்பாப்வே கற்கோட்டைகளை ஆராய வந்தார், செலவில் ஒரு பங்கு பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸின் நிறுவனத்துடையது. அந்தப் பகுதியை அப்போதுதான் கைப்பற்றியிருந்த நிறுவனம் அது, ஆகவே இவ்வளவு பெரிய கட்டடங்களைக் கறுப்பர்கள் கட்டவில்லை என்று யாராவது சொன்னால் அதற்கு வசதி. பென்ட் ஊர்களில் மரத் தலைதாங்கிகளைச் சேகரித்தார், அவை பழைய எகிப்தியத் தலைதாங்கிகளைப் போலவே இருக்கின்றன என்று கவனித்தார், வடக்கிலிருந்து வந்த பழைய நாகரிகம் ஒன்றின் மிச்சமாக அதைக் கண்டார். மக்கள் அன்றாடம் தலை வைத்துத் தூங்கிய பொருளே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது. 1905இல் ராண்டல்-மெக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸனும் தோண்டிப் பார்த்து, கோட்டைகள் ஆப்பிரிக்கர்களே இடைக்காலத்தில் கட்டியவை என்று நிறுவினார்கள். ரொடீசியா என்று அன்று பெயர் பெற்றிருந்த ஜிம்பாப்வேயின் வெள்ளை அரசுக்கு அதற்குப் பிறகும் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்பது வேறு கதை.

எகிப்தோடு உள்ள ஒற்றுமையில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. தலையைத் தாங்க ஒரு வளைவு வேண்டும், அதை உயர்த்த ஒரு தண்டு வேண்டும், சாயாமலிருக்க ஓர் அடித்தளம் வேண்டும். மனிதக் கழுத்து எல்லா நாட்டிலும் ஒன்றுதான். வேறுபாடு அந்தத் தண்டில் என்ன வைக்கிறார்கள் என்பதில்தான் வெளிவருகிறது. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த தந்தத் தலைதாங்கியில் காற்றுக் கடவுள் ஷூ மண்டியிட்டு இரு கைகளாலும் வளைவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், இருபுறமும் அடிவானத்தைக் குறிக்கும் இரண்டு சிங்கங்கள். நடுவில் வந்து கிடக்கும் அரசனின் தலை அங்கே சூரியன். மறுநாள் உதிப்பதற்காகப் படுக்கும் தலை அது. ஷோனா கட்டையில் தலை போய்ச் சேரும் உடல் வம்சத்தின் தாயுடையது, எகிப்தில் கடவுளும் வானமும். வளைவு ஒரே மாதிரி இருப்பதை மட்டும் பார்த்த பென்ட் இதைத் தவறவிட்டார்.

லூபாக்காரர்களிடம் போனால் ஒளிவுமறைவே இல்லை, உடல் உடலாகவே நிற்கிறது. ஒரு பெண்ணோ இரண்டு பெண்களோ உட்கார்ந்து மேல்பலகையைத் தலையால் தாங்குகிறார்கள். அதே மக்களின் அரச ஆசனங்களையும் மண்டியிட்ட பெண்ணுருவங்களே தாங்குகின்றன, அரசரின் ஆவி பெண்ணுடலில் குடியிருக்கும் என்ற நம்பிக்கை அங்கே பழையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷங்காடி பகுதியில் இருந்த ஒரு சிற்பியின், அல்லது ஒரு பட்டறையின், வேலை உலகப் புகழ் பெற்றது. கட்டைகளை வாங்கிப்போனவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டு எழுதி வைக்கவில்லை, ஆகவே ஆய்வாளர்கள் அவருக்கு அருவிக்கூந்தல் சிற்பி என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டிவிட்டார்கள். அவர் செய்த தலைதாங்கிகளில் பெண்ணின் முடி தலைக்குப் பின்னால் இரண்டு அடுக்காக, விசிறிபோல் அகன்று, கீழ்நோக்கி இறங்கும். உடம்பு மெல்லியது, கை கால்கள் மடங்கி மடங்கிப் போகின்றன, அவற்றுக்கிடையே விட்ட வெற்றிடமும் ஒரு வடிவமாகக் கண்ணில் படுகிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பொருளில் இவ்வளவு. அதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது, எந்தக் கொண்டை கலையாமலிருக்க அந்தக் கட்டை செய்யப்பட்டதோ அந்தக் கொண்டையையே கட்டையிலும் செதுக்கி வைத்திருப்பதுதான். பொருளின் உபயோகமும் அலங்காரமும் இங்கே ஒன்றையே பேசுகின்றன.

தெற்கே ஜூலு மக்களிடம் மாடுதான். தலைதாங்கிக்கு அவர்கள் வைத்த பெயர் இசிகிகி, அதில் நீளமான தடித்த சட்டம் ஒன்று, அதைத் தாங்க இரண்டோ நாலோ அதற்கு மேலோ கால்கள், சிலவற்றில் பின்னால் வால் போல ஒரு நீட்டல். பார்த்தவுடன் நாலு காலில் நிற்கும் மாடு தெரியும். மாடுதான் செல்வம், மணமகளுக்கு ஈடாகக் கொடுப்பதும் முன்னோருக்குப் பலி கொடுப்பதும் மாடு. கல்யாணமாகி வரும் பெண் தலைதாங்கியைச் சீரோடு கொண்டுவருவாள், சில கட்டைகள் கணவனும் மனைவியும் சேர்ந்து தலை வைக்கும் அளவுக்கு நீளம். அலங்காரத்தில் அங்கே பேர்போனது அமாசும்பா. மரத்தின் மேல்தோலைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றின் முனையையும் மழித்து, வரிசை வரிசையாகப் புடைப்புகள் எடுப்பார்கள், தொட்டால் பலாப்பழத் தோல் போல இருக்கும். ஜூலு அரசவையோடு தொடர்புள்ள அலங்காரம் இது, இறைச்சித் தட்டிலும் பானையிலும்கூட வரும். அரசவை வழக்கம் பின்னர் குடிமக்கள் வீட்டுக்கும் இறங்கியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு மரத்தைக் கறுப்பாக்கி, கறுப்பும் மர நிறமும் மாறி மாறி வரச் செய்வது இன்னொரு வழக்கம்.

பக்கத்து ட்சோங்கா சிற்பிகள் வித்தைக்காரர்கள். ஒரே மரத்துண்டிலிருந்து இரண்டு தலைதாங்கிகளை வெட்டி, நடுவே மரச் சங்கிலியால் இணைத்திருப்பார்கள், சங்கிலியின் வளையங்கள் தனித்தனியாக ஆடும், ஆனால் எங்கும் ஒட்டு இருக்காது. சிலவற்றில் தலைதாங்கியோடு மூக்குப்பொடிக் குப்பியும் அதேபோல் தொங்கும். இதில் ஒரு பங்கு வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்பதற்காகவே செய்யப்பட்டது, அதில் தாழ்வு எதுவும் இல்லை, கைத்திறன் கைத்திறன்தான். ட்சோங்காக்காரர் செய்ததை ஜூலுக்காரர் வாங்கியதும் உண்டு. அருங்காட்சியகச் சீட்டில் ஒரே ஒரு இனப்பெயரைப் போட்டு முடித்துவிடுகிறார்களே, செய்தவர் இனமா, வைத்திருந்தவர் இனமா, விற்ற ஊரா என்பது அதில் தெரியாது. 'ஷோனா' என்றும் 'ட்சோங்கா' என்றும் மாறி மாறிப் பெயர் பெறும் கட்டைகள் ஏராளம்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்களிடம் அலங்காரம் சட்டென்று குறைந்துவிடுகிறது. கென்யாவின் துர்கானா ஆண்கள் எகிசோலோங்கைக் கையிலேயே எடுத்துக்கொண்டு நடப்பார்கள், பகலில் முக்காலி, இரவில் தலைதாங்கி. மாட்டோடும் ஆட்டோடும் நாள் முழுக்க நடப்பவர் கனமான சிற்பத்தைச் சுமக்க மாட்டார். தூக்க ஒரு தோல் வார், வேண்டுமானால் கொஞ்சம் கோடு, கொஞ்சம் கம்பி அல்லது மணி. தெற்குச் சூடானின் டின்கா மக்கள் கிளை கவை பிரியும் இடமாகப் பார்த்து வெட்டிவிடுவார்கள், மூன்று நான்கு காலுள்ள விலங்குபோல் மரமே வளர்ந்திருக்கும், சிற்பியின் வேலை பாதி அப்போதே முடிந்தது. சோமாலிகள் மட்டும் எடையைக் குறைத்தும் கோலத்தை விடாதவர்கள். ஒன்றோ இரண்டோ மெல்லிய தண்டுகள், அவற்றில் முடிச்சுக்குள் முடிச்சாகப் பின்னிய கோடுகள். அதன் அடித்தளம் மிகச் சிறியது, அசந்து தூங்கினால் சாய்ந்துவிடும், காவலுக்கு இருக்கும் இடையன் அரைத் தூக்கத்தில்தான் இருக்க முடியும் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒட்டகத்தில் ஏற்றும் சாமானைச் சின்னதாகச் செய்தார்கள் என்பதே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

இதே சந்தேகம் கனவு விஷயத்திலும் எனக்கு உண்டு. ஷோனா, ஜூலு மக்களிடம் கனவில் முன்னோர் வருவதற்கும் தலைதாங்கிக்கும் உள்ள தொடர்பை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், சரி. ஆனால் இன்று கண்காட்சிகளில் கண்டம் முழுவதிலுமுள்ள எல்லாத் தலைதாங்கிக்கும் 'கனவுலகின் வாசல்' என்று ஒரே சீட்டை ஒட்டுகிறார்கள். துர்கானா இடையன் அதன்மேல் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறான், அவனைப் போய் அந்த வாசலில் நிறுத்தத் தேவையில்லை.

கடைசியாக, வாங்க ஆசைப்படுபவர்களுக்கு. மேலை நாட்டுச் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டதில் பழையது போலச் செய்த புதியவை சந்தையில் நிறைய. மேலே சொன்ன அதே விதியை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். உண்மையாகப் புழங்கிய கட்டையில் மேல்பலகையின் நடு மட்டும் தலை எண்ணெயும் வெண்ணெயும் ஊறி மினுங்கும், அடித்தளத்தின் ஓரங்கள் தரையில் உரசி மழுங்கியிருக்கும், தூக்கிப் பிடிக்கும் இடத்தில் கைபட்ட தேய்மானம் தெரியும். தலை படாத பள்ளக் கோடுகளில் கத்தியின் தடம் கூர்மையாக அப்படியே இருந்து, அழுக்கு மட்டும் அடைந்திருக்கும். போலியில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பூசியிருக்கும், கோடும் மேடும் சமமாகத் தேய்ந்திருக்கும், உப்புத்தாள் அப்படித்தான் தேய்க்கும். அப்புறம், விரிசல் விட்ட இடத்தில் கம்பியால் தைத்தோ தகடு அடித்தோ ஒட்டுப்போட்டிருந்தால் அதைக் குறையாக எண்ணி விலையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஒட்டு பழையதாக இருந்தால் நான் அந்தக் கட்டையைத்தான் முதலில் எடுப்பேன், உடைந்த பிறகும் ஒருவர் அதைத் தூக்கியெறிய மனமில்லாமல் சரிசெய்து தலை வைத்திருக்கிறார்.